ஆறு நாள் இருட்டு

எர்ணாவூரில் தண்ணீர்கூடக் கிடைக்கும்,
ஒருநாள் விட்டு ஒருநாள், லாரியில்.
இருட்டு கிடைக்காது.

மேற்கே மணலியின் தீநாக்கு
விடியவிடிய வானத்தை நக்கும்.
தெற்கே கன்டெய்னர் யார்டின் உயரக் கம்ப விளக்குகள்.
வடக்கே புகைபோக்கி உச்சியில்
மூடாத சிவப்புக் கண்.
வீட்டுக்குள் ஒரே அறை, ஒரே ட்யூப்லைட்:
அப்பா வலை தைத்தால் எரியும்,
அண்ணன் ரெண்டு மணிக்குக் கடலுக்கு எழுந்தால் எரியும்,
கொசு கடித்தாலும் எரியும்.

ஹெப்சிபா மிஸ் கேட்டது ஆறு நாள் இருட்டு.
வெள்ளரி விதை இருபது, ஈரப் பஞ்சு,
பொட்டு வெளிச்சம் படக்கூடாது.
விதையிலை அங்கே என்ன செய்கிறதென்று
ரெக்கார்டில் எழுதவேண்டும்.

தேசப்பன் அண்ணனின் பழைய தெர்மோகோல் பெட்டி.
எத்தனை கழுவியும் வஞ்சிரம் போகவில்லை.
ஓட்டைகளுக்குப் பிளாஸ்திரி,
உள்ளே எக்ஸ்ரே வந்த கறுப்பு உறை,
மேலே என் போர்வை,
அதன்மேல் 'திறக்காதே' என்று ஒரு காகிதம்.

பார்த்தே ஆகவேண்டுமென்றால்
டார்ச்சில் பச்சைக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள், என்றார் மிஸ்.
அந்த ஒரு நிறம் அதற்கு அவ்வளவாக உறைக்காதாம்.
பச்சையாகப் போகிறவளுக்குப் பச்சையில் பார்வை மந்தம்.

மூன்றாம் இரவு போர்வைக்குள் தலை நுழைத்தேன்.
கூன் விழுந்த தண்டுகள், நூலாய் நீண்டு.
உச்சியில் இரண்டு விதையிலை
உள்ளங்கை ஒட்டிக் கவிழ்ந்திருந்தன.
மஞ்சளாம். எனக்குத் தெரியவில்லை.
அந்த வெளிச்சத்தில் என் நகமும் பச்சை.

புத்தகம் சொன்னது:
ஒவ்வொரு செல்லிலும் கணிகங்கள்
சவ்வுக் குழல்களைக் கோத்துக் கோத்துச்
சாரம் கட்டி வைத்திருக்கின்றன.
கட்டடம் இன்னும் வரவில்லை.
பச்சையத்துக்கு ஒரு படி முன்னால்
ஒரு பொருள் நிற்கிறது,
எல்லாக் கையெழுத்தும் வாங்கிவிட்ட மனு மாதிரி,
கடைசி முத்திரைக்கு.
அந்த முத்திரை வெளிச்சம்.
கண்ணிமைக்கும் நேரம் போதும்.

நான்காம் இரவு, ரெண்டு இருபது.
ஐஸ் போடப் பெட்டி தேடினான் அண்ணன்.
காகிதத்தைப் படிக்கத்தான் செல்போன் டார்ச்சைப் போட்டிருக்கிறான்,
படித்துவிட்டுத் திறந்திருக்கிறான்.
"இன்னாடி இது, காமாலை வந்த மாதிரி கீது?"

நான் எழுந்து மூடுவதற்குள்
ஒரு நிமிடம் போயிருக்கும்.
மூடியபின்னும் படுக்கவில்லை.
உள்ளே எதுவும் தெரிந்திருக்காது,
ஆனால் நின்றிருந்த மனுவில்
முத்திரை விழுந்துவிட்டது.

ஆறாம் நாள் காலை மொட்டைமாடி.
எதிர்பார்த்த கூன் பாதிதான் இருந்தது.
சில முளைகள் தலை நிமிர்த்தி,
விதையிலை லேசாய் விரிந்து,
முன்பே ஒருமுறை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட முகம்.

ஆறரைக்கு வெயில் தொட்டது.
எட்டு மணிக்கு மஞ்சளில் ஒரு சந்தேகம்.
ஒன்பதரைக்கு ஓரங்களில் எலுமிச்சைப் பச்சை.
உள்ளே சாரம் அவிழ்ந்து தகடாகி,
தகட்டின்மேல் தகடு ஏறிக்கொண்டிருக்கும்;
மாடியிலிருந்து பார்த்தால் யார்டில் கிரேனும்
அதையேதான் செய்துகொண்டிருந்தது,
எட்டு அடுக்கு, ஒன்பது அடுக்கு,
நீலம், துருச்சிவப்பு.

இதுவரை எண்ணெயும் புரதமுமாய்
விதை கட்டிக்கொண்டு வந்த கட்டுச்சோறு
இன்று அடுப்பாகிறது.
அதன்மேல் அனல்மின் சாம்பல்
பொடிப்பொடியாய் இறங்கியது.
ஊதிவிட்டேன். திரும்ப இறங்கியது.

மறுபடி விதை ஊன்றலாம்.
வேறு பெட்டி, இன்னும் ஆறு நாள்.
வஞ்சிர நாற்றத்தோடு உட்கார்ந்து யோசித்துப்
பார்த்ததையே எழுதினேன்:
'நான்காம் நாள், இரவு 2.20, ஒரு நிமிடம்,
செல்போன் டார்ச், அண்ணன்.'

ரெக்கார்டு திரும்பி வந்தது.
பத்துக்கு ஏழு.
அண்ணன் என்ற சொல்லின் கீழே
பச்சை மையில் ஒரு கோடு.